பல நோய்கள் உள்ளவருக்கு ஈறு சிகிச்சை: எதை முதலில், எதைப் பிறகு செய்ய வேண்டும்?

அறுபது வயதைத் தாண்டியவர். பல வருடமாகச் சுகர், பிரஷருக்கும் மாத்திரை. நடுவில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இப்போது ஈறில் ரத்தம் வருகிறது, கீழ் முன்பல் ஆடுகிறது. ஈறு சிகிச்சைக்கு என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் வருகிறார்கள்.

கூட வரும் மகனோ மகளோ நல்ல எண்ணத்தோடு செய்யும் சில காரியங்கள்தான் சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கின்றன. ரத்தம் வந்துவிடுமோ என்று இதய மாத்திரையை மூன்று நாள் நிறுத்தியிருப்பார்கள். ரத்தப் பரிசோதனை இருக்கலாம் என்று வெறும் வயிற்றோடு கூட்டி வருவார்கள். அதனால் இந்த வழிகாட்டியை அவர்களுக்காகவே எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு படி மாறினால் இன்னொரு நாள் அலைய வேண்டிவரும்.

1. முதலில் வாய்க்குள் பாருங்கள்

ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. வலி வரட்டும் என்று காத்திருப்பவர்கள், பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் வருகிறார்கள்.

நல்ல வெளிச்சத்தில், டார்ச் வைத்துப் பாருங்கள். ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா? பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா? பல்லுக்கு நடுவே முன்பு இல்லாத இடைவெளி விழுந்திருக்கிறதா? ஈறை அழுத்தினால் சீழ் வருகிறதா? சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஈறு பல்லின் மேல் ஏறி, திரண்டு வளர்ந்திருந்தால் அது மாத்திரையின் விளைவாகவும் இருக்கலாம். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின், சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவை இப்படிச் செய்யும். வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவர் பார்ப்பார். மாற்ற முடியாவிட்டாலும் பல்லில் கல்லாகப் படிந்திருக்கும் பற்காரையை எடுத்துச் சுத்தமாக வைத்தால் வீக்கம் ஓரளவு குறையும்.

முகம் வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கச் சிரமப்படுகிறார் என்றால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சுகர் உள்ளவருக்கு அந்தத் தொற்று கழுத்துக்கு இறங்க அதிக நேரம் ஆகாது.

2. மாத்திரைப் பையை அப்படியே எடுத்து வையுங்கள்

"காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு மஞ்சள் மாத்திரை" என்று சொன்னால் எங்களால் எதுவும் முடிவு செய்ய முடியாது. அட்டையோடு எல்லா மாத்திரையையும் கொண்டுவாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரைகள், சித்த மருந்து, மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் சும்மா வாங்கிச் சாப்பிடுவது, எல்லாமே அந்தப் பையில் இருக்க வேண்டும்.

ஊசிகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்சுலின் நினைவிருக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒருமுறை ஏற்றிய சோலெட்ரானிக் அமிலம், 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் இரண்டும் மறந்துபோகும். வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையும் இந்த வகைதான். இவற்றை எடுத்தவருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. எலும்புத் தேய்மானத்துக்காக எடுப்பவர்களுக்கு அது அரிது. புற்றுநோய் எலும்புக்குப் பரவி, இதே மருந்தை அதிக அளவில், அடிக்கடி எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஆகவே எப்போது போட்டது, எத்தனை முறை போட்டது என்று தேதியோடு எழுதிவையுங்கள்.

பையோடு சேர்த்து ஒரே தாளில் இவற்றையும் எழுதுங்கள்: எந்த மருந்து ஒவ்வாது, ஸ்டென்ட் அல்லது வால்வு எந்த மாதம், எந்த வருடம் வைத்தது, பக்கவாதம் வந்ததா, டயாலிசிஸ் எந்தக் கிழமைகளில், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே இருக்கிறது. கல்லீரல் நோய், மஞ்சள் காமாலைத் தொற்று இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை மறுக்கப்படும் என்ற பயத்தில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவதே மாறும் என்பதால்தான் கேட்கிறோம்.

3. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்

இந்த ஒரு படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை. பல் கிளீனிங்குக்காக அவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிட முடியும். இதயக் குழாயில் உறையும் ரத்தத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. கிளீனிங்குக்கும் சாதாரணமாக ஒரு பல் எடுப்பதற்கும் இந்த மாத்திரைகளை நிறுத்தத் தேவையில்லை. நாங்கள் செய்யும் முறையைத்தான் மாற்றிக்கொள்வோம்: வாய் முழுவதையும் ஒரே நாளில் தொடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்வோம், ரத்தம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பக்கம் போவோம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அசினோகுமரால் சாப்பிடுபவர்களுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை வேண்டும். முடிந்தவரை சிகிச்சைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். எப்போதும் சீராக இருப்பவர்களுக்கு 72 மணி நேரம் வரை போதும். அளவு 4க்குக் கீழ் இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலேயே பெரும்பாலான பல் சிகிச்சைகளைச் செய்யலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். இங்கே பலர் இன்னும் கொஞ்சம் குறைவான எண்ணை எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். 4க்கு மேல் இருந்தால் தள்ளிவைத்து, முதலில் அந்த மருந்தை எழுதிய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டபிகட்ரான் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். உதவாது. நிறையப் பல் எடுப்பது, ஈறு அறுவை போன்ற பெரிய வேலை என்றால் அன்று காலை வேளையை மட்டும் விடவோ தாமதமாகப் போடவோ சொல்லக்கூடும். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது.

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைப் பல நாளாகச் சாப்பிடுபவரும் திடீரென்று நிறுத்தக் கூடாது. அன்று காலை வேளையைக் கட்டாயம் போட்டிருக்க வேண்டும்.

ஈறில் ரத்தம் வருவதற்கு மாத்திரைதான் காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறு. நலமான ஈறில், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலும், லேசாகத் துலக்குவதற்கெல்லாம் ரத்தம் கொட்டாது. அடியில் வீக்கம் இருக்கிறது, மாத்திரை அதைக் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் துலக்காமலே ரத்தம் கசிந்தால், உடம்பில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தால், உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

4. பல் மருத்துவர் முதலில், இதய மருத்துவரின் கடிதம் பிறகு

நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் இதய மருத்துவரிடம் போய், "பல்லுக்குப் போகிறோம், லெட்டர் கொடுங்கள்" என்று கேட்பார்கள். என்ன சிகிச்சை என்றே தெரியாமல் அவர் என்ன எழுதுவார்? "பல் சிகிச்சை செய்யலாம்" என்று ஒரு வரி வரும். அது யாருக்கும் உதவாது.

முதல் முறை வாயைப் பார்ப்பதற்கும் எக்ஸ்ரே எடுப்பதற்கும் எந்தக் கடிதமும் தேவையில்லை. பார்த்த பிறகு, எத்தனை பல் எடுக்க வேண்டும், ஆழமான கிளீனிங் எத்தனை தடவை, மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் சேர்ந்திருக்குமா என்று நாங்கள் எழுதித் தருவோம். அந்தத் தாளோடு இதய மருத்துவரையோ சிறுநீரக மருத்துவரையோ பாருங்கள். குறிப்பான கேள்விக்குக் குறிப்பான பதில் கிடைக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. செயற்கை வால்வு வைத்தவர்கள், இதயத்தின் உள்சுவரில் முன்பு ஒருமுறை தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஈறைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் ஒரு வேளை ஆன்டிபயாடிக் வேண்டும். ஈறின் ஆழத்தை அளக்கும் கருவியை நுழைப்பதும் அதில் சேரும். பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்ஸிசிலின் 2 கிராம், 30 முதல் 60 நிமிடம் முன்பு. இப்படிப்பட்டவரின் முதல் வருகையில் பேசுவது, கண்ணால் பார்ப்பது, எக்ஸ்ரே ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வோம். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. பழைய சீட்டில் கிளிண்டாமைசின் எழுதியிருந்தால் காட்டிக் கேளுங்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்காக அதைப் பரிந்துரைக்கவில்லை.

ஸ்டென்ட், பேஸ்மேக்கர், பைபாஸ் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த ஆன்டிபயாடிக் வழக்கமாகத் தேவைப்படாது. வால்வு மாற்றாத ருமாட்டிக் இதய நோய் என்றால் இதய மருத்துவர் சொல்வதே முடிவு.

5. எந்தப் பரிசோதனை, எவ்வளவு புதியது?

சுகருக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி. மூன்று மாதத்துக்கு மேல் பழையது வேண்டாம். அதோடு அன்றைய விரல் நுனிச் சர்க்கரை. சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின். கீமோ எடுப்பவர்களுக்கு வெள்ளணு, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை. தட்டணு 50,000க்குக் கீழ் இருந்தால் பல் எடுப்பதைத் தள்ளிவைப்பது வழக்கம்.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. "சுகர் இறங்கட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். சீழ் பிடித்த ஈறே சுகரை இறங்கவிடாமல் வைத்திருக்கலாம். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மாத்திரைக்கு மாற்று என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒரு மாத்திரையைக் கூட்ட வேண்டுமா என்று மருத்துவர் யோசிக்கும் இடத்தில் அந்த 0.4 பெரியது. ஈறு அறுவையைத் தள்ளிவைக்கலாம். கிளீனிங்கைத் தள்ளிக்கொண்டே போகக் கூடாது.

6. நாள் குறிப்பது

மாரடைப்பு வந்தவருக்கு அவசரமில்லாத பல் சிகிச்சையை குறைந்தது 60 நாளாவது தள்ளிவையுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு எவ்வளவு காலம் என்று நரம்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

டயாலிசிஸ் செய்பவருக்கு மறுநாள் காலைதான் சரியான நேரம். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். அன்றே பல் எடுத்தால் ரத்தம் நிற்காது. களைப்பும் இருக்கும். திங்கள், புதன், வெள்ளி என்றால் செவ்வாய் அல்லது வியாழன் வாருங்கள். பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம், உள்ள கையில் பிரஷர் பார்க்க வேண்டாம் என்று உள்ளே வந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு தொடங்கப்போகிறது, அல்லது மேலே சொன்ன எலும்பு மருந்தைத் தொடங்கப்போகிறது என்றால் நாள் கணக்கு தலைகீழாகும். காப்பாற்ற முடியாத பற்களைத் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். புண் ஆற இரண்டு மூன்று வாரமாவது கிடைக்க வேண்டும். தொடங்கிய பிறகு வந்தால் எங்கள் கை பாதி கட்டப்பட்டுவிடும்.

எங்கே போவது என்று கேட்டால், பொது மருத்துவமனையோடு சேர்ந்த பல் பிரிவையோ அரசுப் பல் மருத்துவக் கல்லூரியையோதான் இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் சொல்வேன். சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர், லேப், ஆம்புலன்ஸ் எல்லாம் எட்டும் தூரத்தில் இருப்பது இவர்களுக்கு முக்கியம். காத்திருக்கும் நேரம் அதிகமாகலாம். அதற்குச் சாப்பாட்டோடு வாருங்கள்.

7. அன்று காலை

சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட்டுவிட்டு வர வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் பல் சிகிச்சைக்குப் பட்டினி தேவையில்லை. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருவதுதான் மிக ஆபத்தானது. நாற்காலியில் வியர்த்து, நடுங்கி, உளறத் தொடங்குவார்கள். சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்ப்போம். நினைவு தெளிவாக இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பையில் குளுக்கோஸ் பொட்டலம், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, ஆஸ்துமா உள்ளவருக்கு இன்ஹேலர் இருக்கட்டும். பிரஷர் 180/110 என்று வந்தால் அன்றைய வேலையைத் தள்ளிவைப்போம். படி ஏறி வந்த வேகத்தில் பார்த்தால் அதிகமாகக் காட்டும். பத்து நிமிடம் முன்னதாக வந்து உட்கார்ந்திருங்கள்.

இதய பலவீனத்தால் மூச்சுத் திணறுபவரை முழுக்கப் படுக்க வைக்கக் கூடாது. இரவில் எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று சொன்னால் அதற்கேற்ப நாற்காலியைச் சாய்ப்போம்.

8. சிகிச்சை எந்த வரிசையில் நடக்கும்?

முதலில் பற்காரையை எடுப்பது. பிறகு ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளப்பது. 4 மி.மீ., அதற்கு மேல் உள்ள இடங்களில் மரத்துப்போகச் செய்து, ஈறுக்குக் கீழே வேர் வரை சுத்தம் செய்வது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்ப அளப்பது. அதற்குப் பிறகும் ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டும்தான் அறுவை பற்றிப் பேச்சு.

முதல் நாளே "எல்லாவற்றையும் பிடுங்கி செட் போட்டுவிடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. வீக்கம் வடிந்ததும், ஆடிய பற்கள் சில கொஞ்சம் இறுகும். எதை வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும். சீழ் வைத்து, காப்பாற்றவே முடியாத பல்லை மட்டும் முன்னாலேயே எடுப்போம்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும், பற்காரை சிமென்ட் பூசியதுபோல் பற்களைப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உண்மை வெளியே தெரிகிறது. இடைவெளி தெரிவதும், சில வாரம் கூச்சம் இருப்பதும் எதிர்பார்த்ததுதான். இதை வீட்டுப் பெரியவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாம் தடவைக்கு வரமாட்டார்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

பல் எடுத்திருந்தால் பஞ்சை முழு 30 நிமிடம் கடித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் அதோடு வந்துவிடும். 24 மணி நேரம் கொப்பளிக்கவோ துப்பவோ ஸ்ட்ரா வைத்து உறிஞ்சவோ கூடாது. சூடான காபி அன்று வேண்டாம். இரண்டு தடவை அழுத்தியும் நிற்காவிட்டால் திரும்ப வாருங்கள். ரத்தம் உறைய வைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை வைப்போம், தேவைப்பட்டால் தையல் போடுவோம்.

வலிக்குப் பாராசிட்டமால்தான் இவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. அளவை மருத்துவரே சொல்லட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். மருந்துக் கடையில் "பல்வலி மாத்திரை" என்று கேட்டால் பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்று கலந்த மாத்திரையைக் கொடுப்பார்கள். அட்டையின் பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஈறு தொற்றுக்கு அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோல், வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆரைத் திடீரென்று ஏற்றிவிடும். வாய்ப்புண் பூஞ்சைக்குத் தடவும் மைகோனசோல் ஜெல்லும் அப்படித்தான். வெளியே தடவுவதுதானே என்று நினைக்காதீர்கள். எந்தப் புது மருந்தை எழுதினாலும், "இவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், இது சேருமா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்வி கேட்பதால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

10. தினமும் வீட்டில்

காலையிலும் இரவு படுக்கும் முன்பும், மெல்லிய நார் கொண்ட பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவது எல்லோரும் செய்யும் தவறு. அந்த இடத்தில்தான் அழுக்கு தங்கியிருக்கிறது. மென்மையாக, ஆனால் தவறாமல் துலக்கினால் சில நாளில் ரத்தம் குறையத் தொடங்கும். பல்லுக்கு நடுவே இடைவெளி உள்ளவர்கள், பல்லிடுக்கில் நுழைக்கும் சின்ன பிரஷைத் தினமும் ஒருமுறை பயன்படுத்த வேண்டும். உமிக்கரி, செங்கல் பொடி எல்லாம் வேர் தெரியும் பல்லை அரித்துவிடும்.

குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பான் எழுதித் தந்தால் சொன்ன நாள்களுக்கு மட்டும், பெரும்பாலும் இரண்டு வாரம். தொடர்ந்தால் பல் கறுக்கும், சுவை மாறும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே கொப்பளித்தால் அதன் வேலை குறையும், அரை மணி நேரம் விடுங்கள். டயாலிசிஸ் செய்பவர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாமா என்று கேட்பார்கள். கொப்பளிக்கலாம், விழுங்கக் கூடாது.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நீங்கள்தான் துலக்கிவிட வேண்டும். தலையை உயர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றுக் கீழே இருக்கும்படி செய்யுங்கள். உட்கார முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பேஸ்ட் துளியளவு போதும். நுரையும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பக்கவாதத்தில் செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கும், அவருக்கு அது உறைக்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஈரத் துணியைச் சுற்றிய விரலால் துடைத்து எடுங்கள். பல் செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வையுங்கள்.

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை

ஈறுக்குக் கீழே கிருமிகள் மறுபடி குடியேறும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறைப் பார்த்துச் சுத்தம் செய்வது வழக்கம். சுகர் மாத்திரைக்கும் எச்பிஏ1சிக்கும் போகும் அதே வாரத்தில் இதையும் வைத்துக்கொண்டால் தனியாக நினைவில் வைக்க வேண்டாம். ரிப்போர்ட் கையில் புதிதாக இருக்கும்.

ஒவ்வொரு முறையும் மாத்திரைப் பையைக் கொண்டுவாருங்கள். மூன்று மாதத்தில் ஒரு மாத்திரையாவது மாறியிருக்கும்.